ஆதிரை, வயது பதினான்கு

ஆதிரை கண் புற்றுநோயில் இறந்தது மூன்று வயதில். அவள் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் உயிரோடிருந்தன. புது மருந்துகளை அவற்றில்தான் சோதித்தார்கள். தட்டில் ஒட்டிய சீட்டில் அவள் பெயரோடு வருடாவருடம் வயதையும் மாற்றி எழுதினார்கள். பிறந்தநாள் தவறாமல் அம்மா கோமதி வந்து நுண்ணோக்கியில் மகளைப் பார்த்துவிட்டுப் போவாள்.

இந்த வருடம் ஆய்வாளர் ஃபர்ஹானா வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “மருந்து கேட்டுடுச்சுக்கா. இனிமே எந்தப் பிள்ளையும் இதுல சாகாது.”

“நம்ம ஆதிரை?”

“ஒரு செல்கூட மிச்சமில்லக்கா” என்று சொல்லி முடிப்பதற்குள் ஃபர்ஹானாவின் குரல் இறங்கிவிட்டது.

கோமதி பிறந்தநாளுக்குக் கொண்டுவந்த கேசரி டப்பாவைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினோரு வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரி வராந்தாவில் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு அவள் காத்துக் கிடந்தது ‘மிச்சமில்ல’ என்ற இந்த ஒரு வார்த்தைக்குத்தான்.