தனி இலை

"எலியக் கொல்ற பொண்ணுக்கு நம்ம பள்ளிக்கூடத்துல மாலையா? நான் உசுரோட இருக்க வரைக்கும் நடக்காது!"

மேசையில் ஓங்கித் தட்டினேன். தேநீர்க் கோப்பைகள் குதித்தன. எனக்குக் கை வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, லிந்துலையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியனான நான்தான் தலைவர். ஜீவகாருண்ய சங்கத்துக்கும் நானே தலைவர். இந்த இரண்டாவது சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் என் மனைவி. அவளைக் கேட்டுச் சேர்க்கவில்லை.

மறுநாள் பழைய மாணவர் சங்கத்தின் பாராட்டு விழா. பாராட்டுப் பெற இருந்தவள் தனுஜா, கொழுந்து பறிக்கும் வீரம்மாவின் மகள். எங்களிடம் படித்து, ஜப்பான் வரை போய், தசைச் சிதைவு நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சியில் இருக்கிறாள். அந்த நோயில் முதலில் கால் போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, பிறகு அறுத்துப் பார்ப்போம் என்று அன்றைய பத்திரிகையில் அவளே சொல்லியிருந்தாள். எனக்கு அது போதாதா?

பள்ளிக்கூட அதிபர் ஜீவராணி யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போட்டுப் பேச மாட்டார்.

"சேர், நீங்கள் போடுற பிரஷர் குளிசையையும் முதல்ல எலிக்குத்தானே குடுத்துப் பாத்திருப்பினம்?"

"நான் பாதி மாத்திரைதான் டீச்சர் போடுறேன்!"

யாரும் சிரிக்கவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"அந்தத் தாய் நாளைக்கெண்டு புதுச் சீலை வாங்கி வச்சிருக்கிறா. வர வேண்டாமெண்டு நான் சொல்ல மாட்டன். நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

"சொல்றேன். எனக்கென்ன பயம்?"

வீரம்மாவின் வீடு மேட்டு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. நான் போடுகிற பாதி மாத்திரை பாதி ஏற்றத்துக்குத்தான் தாங்கியது. மீதியை மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினேன்.

வாசலில் என் தோல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

நிரோஷனின் படத்துக்குப் பூப் போட்டு விளக்கேற்றியிருந்தார்கள். தனுஜாவின் தம்பி. அதே நோய்தான். ஏழாம் வகுப்பில் நடக்க முடியாமல் போய், பதினோராம் வகுப்பு ஓ லெவல் பரீட்சை எழுதுவதற்கு முன்பே இதயம் நின்றுவிட்டது. அன்று அவனுடைய திவசம் என்பது எனக்குத் தெரியாது.

"வாங்க ஆண்டியப்பன் சார், ஒக்காருங்க. காக்காய்க்குச் சோறு வச்சிட்டு வந்துர்றோம். சாப்பிட்டுத்தான் போவணும்," என்றார் வீரம்மா.

தாயும் மகளும் பின்பக்கம் போனார்கள். 'கா, கா' என்று கூப்பிடும் சத்தம் கேட்டது.

படத்துக்கு முன்னால் பெரிய இலை. கோழிக்கறி, அவித்த முட்டை, முறுக்கு. பையனுக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக ஒரு சின்ன இலை. அதில் வெறும் சோறு, அவித்த கடலை, சோளம், ஒரு துண்டு தேங்காய். சுத்த சைவம்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நான் சைவம் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். நான் வருவதை அதிபர் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். தனி இலை போட்டு என் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள்!

இந்த உபசாரத்துக்கெல்லாம் மயங்குகிற ஆள் நானில்லை என்று நினைத்துக்கொண்டே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நல்ல பசி. ஒரு குழம்புகூட இல்லையே என்று குறையாக இருந்தது. ஆனாலும் கடலை பதமாக வெந்திருந்தது.

பாதி இலை காலியானபோது அவர்கள் திரும்பி வந்தார்கள். வீரம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ சார்! அது படையலுங்க. ஒங்களுக்கு அடுப்படியில இருக்கு."

"படையலா? தம்பியோட இலைதான் அங்க இருக்கே. இது யாருக்கு?"

வீரம்மா மகளைப் பார்த்தார்.

"எலிங்களுக்கு சார்," என்றாள் தனுஜா.

என் கை இலையிலேயே நின்றது.

"தம்பிக்கு வந்த அதே வியாதியோட பொறந்த எலிங்க சார். என் கையாலதான் தீனி வச்சேன். என் கையாலதான்..."

"அப்பல்லாம் ஜப்பான்லருந்து போன்ல அழுவா சார்," என்றார் வீரம்மா. "அந்த மருந்து எம் புள்ளைக்குத்தான் கெடைக்கல. இனிமே வர்ற புள்ளைங்களாவது பொழைக்கட்டும்னுதானே அதுங்க செத்துச்சுங்க? அதுங்களுக்கு யாரு சோறு வைப்பா? அதான், இவன் திவசத்தன்னிக்கே அதுங்களுக்கும் ஒரு எல போட்டுர்றோம்."

கடலை விக்குகிறது என்று சொல்லித் தண்ணீர் கேட்டேன். ரொம்ப வெட்கமாக இருந்தது. எங்கள் ஜீவகாருண்ய சங்கம் இதுவரை எந்த எலிக்கும் ஒரு பிடி சோறு வைத்ததில்லை. வேறு யாரோ வைத்ததையும் தலைவரே தின்றுவிட்டார்.

தனுஜா தண்ணீரை நீட்டினாள். "ஏதோ சொல்ல வந்தீங்க போலயே சார்?"

குடித்து முடிக்கிற வரைக்கும் யோசித்தேன்.

"ஆமாம்மா. நாளைக்கு மேடையில அம்மாவும் ஒன் பக்கத்துலயே ஒக்காரணும். அதை நேர்ல சொல்லிட்டுப் போவத்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்தேன்."