டுரியான் விழும் வேகம்

தவமணி எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டில் அவள் கணவன் கதிரேசன் ஒருநாளும் தோற்றதில்லை. பெயரைத் தட்டியதும் மரத்திலிருந்து டுரியான் பழம் விழத் தொடங்கும். அது தரையைத் தொடுமுன் கூடையில் பிடிக்க வேண்டும்.

பாயான் லெப்பாசில் இருந்த அவள் அலுவலகத்தின் குடும்ப நாளன்று அவன் எல்லார் முன்னாலும் மார்தட்டினான்.

“நான் தோத்தா, இனிமே வீட்டுல சமையல் என் பொறுப்பு லா!”

மேலாளர் ஐயாத்துரை அலுவலகக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். கதிரேசன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, பெயரைத் தட்டினான்.

முதல் டுரியான் தரையில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அப்புறம் ஒன்றுகூடக் கூடைக்கு வரவில்லை. அலுவலகமே சிரித்தது.

“இது புது கம்ப்யூட்டர் சார், அதான் பேய் வேகத்துல ஓடுது” என்றான் மேலாளரிடம்.

“அதெல்லாம் இல்ல தம்பி. நொடிக்கு எவ்வளவு தூரம் விழணும்னு கணக்குப் போட்டுத்தான் உங்க வீட்டம்மா எழுதியிருக்காங்க. எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஒரே வேகந்தான்.”

கதிரேசன் மனைவியைப் பார்த்தான். தவமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவன் ‘கதிர்’ என்றுதான் தட்டுவான். இங்கே மேலாளர் நிற்கிறாரே என்று முழுப்பெயரையும் தட்டியிருந்தான். தோற்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிடுவானே என்று, ‘கதிர்’ வந்தால் மட்டும் டுரியான் பாதி வேகத்தில் விழும்படி அவள் எழுதியிருந்தாள்.

“ஏர்கான் குளிர்ல கை விறைச்சிருக்குங்க” என்றாள் கடைசியில். “வீட்டுக்குப் போய் அடுப்புகிட்ட நின்னா சரியாயிடும்.”