கடைசியாக இறங்கும் பிள்ளை

சுந்தர் விட்ட அறையில் ரிக்‌ஷாக்கார மாடக்கண்ணுவின் தலைத்துண்டு சாக்கடையோரம் போய் விழுந்தது. கன்னத்தைத் தடவிக்கொண்டே குனிந்து எடுத்தவன், அதைத் திரும்பத் தலையில் கட்டவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"கேளுக்கா, வாயத் தொறந்து சொல்லுதானான்னு கேளு!" சுந்தருக்கு மூச்சு வாங்கியது. "பாளையங்கால்வாய்ப் பாலத்துக்கிட்ட மரத்தடியில வண்டிய நிறுத்தி வச்சிருக்கான். மத்த பிள்ளையளையெல்லாம் இறக்கி விட்டாச்சு. நம்ம சுகிர்தா மட்டும் ஒத்தையில உக்காந்திருக்கா. இவன் தேன்மிட்டாய் வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கான்!"

அவன் அக்கா சித்ரலேகா வாசற்படியை விட்டுத் தெருவில் இறங்கினாள்.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை கொஞ்ச நாளாகவே சரியில்லை. சோறு இறங்கவில்லை, படுக்கையை நனைத்துவிடுகிறாள், தூக்கத்தில் வீலென்று கத்துகிறாள். பயந்த கோளாறு என்று திருநீறு போட்டு, கறுப்புக் கயிறும் கட்டியாயிற்று. போன வாரம் டீச்சர் கூப்பிட்டு, "பிள்ளை விளையாடவே போக மாட்டேங்கா. வீட்டுல என்னமும் சண்டையாம்மா?" என்று கேட்டபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சண்டையாம் சண்டை! இப்போதல்லவா தெரிகிறது, யாரால் வந்த வினை என்று!

வீட்டுக்காரருக்கு மதுரையில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். ஓர் அவசரமென்றால் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓட வேண்டும். சித்ரலேகா ஆபீஸ் முடிந்து பஸ் பிடித்து வீடு சேர விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். அதற்காகத்தானே கல்லிடைக்குறிச்சியிலிருந்து தம்பியைக் கொண்டுவந்து வீட்டோடு வைத்துக்கொண்டாள்? பேங்க் பரீட்சைக்குப் படித்த மாதிரியும் ஆயிற்று, பிள்ளைக்கு ஒரு துணையும் ஆயிற்று.

நேற்று விஷயத்தைச் சொன்னதே அவன்தான். "பள்ளிக்கூடம் விட்டா மொத வீடு நம்ம வீடுதானக்கா? தெனமும் வாசல்லயே காத்துக்கிட்டு நிக்கேன். இவன் ஊரெல்லாம் சுத்திட்டு, நீ வார நேரத்துக்குத்தான் கொண்டாந்து இறக்குதான். கேட்டா முழிக்கான்."

இன்றைக்குப் பெர்மிஷன் போட்டு வெள்ளனவே வந்து பார்த்தாள். பிள்ளையைக் காணோம். சைக்கிளில் தேடிப் போன தம்பி, வண்டியும் ஆளுமாகக் கையோடு கொண்டுவந்து நிறுத்திவிட்டான். தாய்மாமன் என்றால் சும்மாவா? காது குத்தும்போது இவன் மடியில்தானே உட்காரவைத்தார்கள்!

"முன்னல்லாம் ஒழுங்காத்தான கொண்டாந்து விட்டே? இப்ப ஒனக்கு என்ன கேடு வந்துச்சு? சொல்லு!" என்று கத்தினாள்.

மாடக்கண்ணு வண்டிப் பக்கம் திரும்பினான். சுகிர்தா இன்னும் இறங்கவில்லை. ரிக்‌ஷாக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தவள், வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"எங்க கண்ணு முன்னாலயே பிள்ளைய மிரட்டுதியா?" சித்ரலேகா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஷரீபா பீவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"நான் ஒரு தப்பும் பண்ணலம்மா. எனக்கும் பேத்தி இருக்கு," என்றான் மாடக்கண்ணு. "பிள்ளையிட்ட நீங்களே பைய கேளுங்க. தனியா வச்சிக் கேளுங்க."

"என்னலே தனியா? என்ன பொய் சொல்லிக் குடுத்து வச்சிருக்க?" சுந்தர் மறுபடியும் கையை ஓங்கினான்.

"இவன் மாதிரி ஆளையெல்லாம் போலீசுல பிடிச்சுக் குடுக்கணும்மா," என்றாள் ஷரீபா பீவி.

"போலீசுக்குப் போனா எம்பிள்ளை பேருல்லா ஊர் வாயில விழும்!" என்றாள் சித்ரலேகா. மாடக்கண்ணுவைப் பார்த்து, "போ. இனிமே ஒன் வண்டி இந்தத் தெருவுக்குள்ள வந்துச்சு, கொளுத்திப் போட்டுருவேன்," என்றாள்.

பிள்ளையை இறக்கிவிட அவன் பழக்கத்தில் கையை நீட்டினான். "தொடாத!" என்று பாய்ந்துபோய் அவளே தூக்கினாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பச்சைப்பிள்ளை இப்படி விறைத்துப்போக இந்தப் பாவி என்னவெல்லாம் செய்தானோ என்று பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மாடக்கண்ணு வண்டியில் ஏறி மிதிக்கவில்லை. தள்ளிக்கொண்டே தெருவைக் கடந்தான்.

உள்ளே வந்து பிள்ளைக்கு முகம் கழுவி, வேறு கவுன் மாட்டி மடியில் வைத்துக்கொண்டாள் சித்ரலேகா. நல்ல வேளை, நேரத்தோடு கண்டுபிடித்தாயிற்று. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

"இனிமே பயப்படாத என் ராசாத்தி. அவன் இந்தப் பக்கமே வர மாட்டான். நாளையிலருந்து மாமாவே சைக்கிள்ல கூட்டிட்டு வந்துருவான். பள்ளிக்கூடம் விட்ட ஒடனே வீட்டுக்கு வந்துரலாம், என்ன?"

"அதுக்கென்னக்கா, நான் பாத்துக்கிடுதேன்," என்றான் சுந்தர் முன்னறையிலிருந்து.

மடியில் கிடந்த உடம்பு தூக்கிப் போட்டது. புதுக் கவுனும் நனைந்து, சித்ரலேகாவின் சேலையும் நனைந்தது. பதறிப்போய்க் குனிந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சுகிர்தா அவள் காதுக்குள் சொன்னாள்.

"நீ வாரதுக்கு முந்தி என்னைய வீட்டுல விட்டுராதீய தாத்தான்னு நாந்தாம்மா அழுதேன்."