கோடும் கட்டமும்

பத்து நாளாக வயிற்றுவலியில் சுருண்டு கிடந்த கணவன் அடுப்பு முன்னால் நிற்பதைப் பார்த்ததும் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க இது கூத்து?"

"வாஃபிள்."

"மெஷின் இல்லாமலா?"

"வரி போட்ட தவா போதும். மாவை ஊத்தி அழுத்தினா கோடு விழும். அதையே குறுக்கால வச்சு இன்னொரு தரம் அழுத்தினா கட்டம்."

அவள் கலந்து வைத்திருந்த இரண்டு மாவுக் கிண்ணங்களும் காலியாகக் கிடந்தன.

"உங்களுக்கு சர்க்கரை ஆகாதுன்னுதானே தனி மாவு வச்சேன்! ரெண்டையும் கலந்துட்டீங்களா?"

"கலப்பேனா? அடையாளத்துக்குத்தான் இந்தப் பாடு. என் மாவு கோடு, உன் மாவு கட்டம்."

அப்பாடா என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இரண்டு தட்டுகள் வந்தன. கட்டம் போட்டதை அவன் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கோடு போட்டது அவள் முன்னால் ஆவி பறக்க இருந்தது.

"தட்டு மாறிப்போச்சுங்க."

"மாறல."

"அதுல சர்க்கரை இருக்குங்க, உங்களுக்கு ஆகாது!"

"ஒருநாள் சர்க்கரையில நான் செத்துட மாட்டேன். நீ சாப்பிடு."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு... பசிக்கலைங்க."

"பத்து நாள் முன்னாடியே தெரிஞ்சிருந்தா எனக்கும் பசிச்சிருக்காது" என்றான் அவன்.