நரை ஓநாய்

“‘யோவ் கிழட்டுக் கழுதை! சொன்னதைக் கேக்கிற பழக்கமே உனக்குக் கிடையாதா? மூணு எழுத்து அடிக்கச் சொன்னா, அதுல ரெண்டை ரஷ்யக் கிரில் எழுத்துல அடிச்சு வெச்சிருக்கே. பாக்க ஒண்ணா இருந்தா ஒண்ணாயிடுமா? இங்கிலீஷ் அடிக்கிற லத்தீனுக்கு மாத்திட்டு அடி!’ கேட்டியா புரூல்? என்ன வாய், என்ன வாய்! ஆம்பளைன்னா இவன் ஆம்பளை!”

கச்கின்பாய் கணினித் திரையில் இருந்ததை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, தொடையைத் தட்டிச் சிரித்தார். தோக்மோக் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். ஊரில் அவரை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் மூன்று நாளாக முகம் தெரியாத ஒருவனிடம் திட்டு வாங்குகிறார். அதில் ருசியும் கண்டுவிட்டார்!

“ம்” என்றாள் புரூல், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளைச் சுடச்சுடத் தட்டில் வைத்துக்கொண்டே. நாற்பது வருஷத்தில் அவள் புருஷனிடம் அதற்கு மேல் பேசியதில்லை. வாயில்லாப் பூச்சி.

எல்லாம் ஒரு கீபோர்டால் வந்த வினை. மேல் வரிசையில் பாட்டை நிறுத்த ஒரு பொத்தான், சத்தத்தைக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று என்று பளபளத்ததைப் பார்த்துச் சந்தையில் வாங்கிவிட்டார். தெரு முழுக்கப் பெருமையும் அடித்தாயிற்று. வீட்டில் மாட்டிப் பார்த்தால், எழுத்தெல்லாம் ஒழுங்காக விழுந்தது. அந்தப் பளபளா பொத்தான்கள் மட்டும் கல்லுளிமங்கன் மாதிரிக் கிடந்தன. பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழைய கணினி அது, உள்ளே இருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ்.

“நான் வேணா பாக்கட்டுமா மாமா?” என்று மருமகள் பெகிமாய் அன்றைக்கே கேட்டாள்.

“நீ டீயை ஊத்தும்மா” என்றுவிட்டார்.

பிறகு லினக்ஸ்காரர்கள் கூடும் கிர்கிஸ் இணைய மன்றத்தில் கேள்வியைப் போட்டார். ‘இந்தப் பொத்தான்களை வேலை செய்ய வைப்பவர் எதைக் கேட்டாலும் தருவேன். இது வெள்ளைத்தாடிக்காரன் வாக்கு’ என்று ஊர்ப்பெரியவர் தோரணையில் கீழே ஒரு வரியும் சேர்த்தார். பதில் சொல்ல வந்தவர் ‘நரை ஓநாய்’ என்ற பெயரில் இருந்தார்.

பெகிமாய் டீயோடு வந்தாள். கிண்ணத்தில் பாதி ஊற்றி, தலைகுனிந்து நீட்டினாள்.

“மாமா... பிஷ்கெக் ஆபீசுக்கு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா வேற ஆளை எடுத்துக்குவாங்களாம்.”

“மறுபடியும் அதே பேச்சா? கம்ப்யூட்டர் வேலையாம், கம்ப்யூட்டர் வேலை! தினம் மினி பஸ்ஸைப் பிடிச்சு நீ கிளம்பிட்டா, இந்த வீட்ல டீ ஊத்தறது யாரு?”

பெகிமாயின் கண் நிறைந்துவிட்டது. கிண்ணத்தை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். பின்னாலேயே புரூலும் போனாள். கச்கின்பாய்க்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. எழுத்தை லத்தீனுக்கு மாற்றி, அந்த மூன்றெழுத்துக் கட்டளையை அடித்து, சத்தம் குறைக்கும் பொத்தானை அமுக்கினார். திரையில் வரிவரியாக ஓடிய எழுத்துகளுக்கு நடுவே 122 என்று ஓர் எண் வந்தது.

“எண் வந்துருச்சு ஓநாயாரே! அடுத்து என்ன?” என்று எழுதினார்.

‘இதுக்கே இந்தக் குதி குதிக்கிறே! செட்டிங்ஸுக்குப் போ. ஷார்ட்கட்னு ஒரு பக்கம் இருக்கும். சத்தத்தைக் குறைக்கிற வரியைத் தொட்டு, அந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்கு. மத்ததுக்கும் இதேதான். நெத்தியில கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு வீடு பூரா தேடாம, மூக்குல போட்டுக்கிட்டுப் படி.’

கச்கின்பாய் நெற்றியைத் தடவினார். கண்ணாடி அங்கேதான் இருந்தது.

“அடேயப்பா! இவனும் நம்ம வயசுக்காரன்தான் போல!”

சொன்னபடி செய்துவிட்டு, கோமுஸ் இசை ஒன்றை ஓடவிட்டு அமுக்கினார். சத்தம் குறைந்தது. இன்னொன்றை அமுக்கினார், கூடியது. மூன்றாவதை அமுக்கியதும் வாத்தியம் கப்சிப் என்று நின்றது. கிழவர் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று ஆடியே விட்டார்.

“ஜெயிச்சாச்சு! ஓநாயாரே, கேளும், என்ன வேணும்? ஆட்டுக்கிடாயா, குதிரையா?” என்று எழுதினார்.

பதில் உடனே வந்தது.

‘கிடாயும் வேணாம், குதிரையும் வேணாம். உன் மருமகளை வேலைக்கு அனுப்பு. டீயை நீயே ஊத்திக் குடி, கை ஒண்ணும் தேஞ்சிடாது.’

கச்கின்பாய் திரைக்கு அருகே குனிந்து இன்னொரு தடவை படித்தார். மருமகளைப் பற்றியோ டீயைப் பற்றியோ அவர் மன்றத்தில் மூச்சுக்கூட விட்டதில்லை. மெல்லத் திரும்பினார். அடுக்களை வாசலில் பெகிமாய் தன் லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் புரூல், கையில் கரண்டியோடு.

“நீயா! மாமனாரைக் கழுதைன்னு...”

திரையில் டிங், டிங் என்று சத்தம். மன்றத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆளாளுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள்: ‘வெள்ளைத்தாடிக்காரன் வாக்கு! வெள்ளைத்தாடிக்காரன் வாக்கு!’

முறைக்கப் பார்த்தார், முடியவில்லை. குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, வாக்கு வாக்குதான். இப்பவே போன் போட்டு வர்றேன்னு சொல்லிடு. ஆனா ஒண்ணு கேக்கறேன். புகுந்த வீட்டுப் பெரியவங்க பேரைக்கூட வாய் திறந்து சொல்லாத பொண்ணு நீ. இத்தனை திட்டை எங்கேம்மா கத்துக்கிட்டே?”

பெகிமாய் தலை நிமிராமல், எப்போதும் போல் மெல்லிய குரலில் சொன்னாள்.

“பொத்தானுக்கு வழி சொன்னது மட்டும்தான் மாமா நான். திட்டெல்லாம் அத்தை சொல்லச் சொல்ல டைப் அடிச்சது.”