மூன்றாவது அழைப்பு

டவாலி மாசிலாமணி முப்பது வருடமாக நீதிமன்ற வாசலில் நின்று பெயர்களைக் கூவி அழைப்பவர். மூன்று முறை கூப்பிட்டும் வராதவர் வரவே மாட்டார் என்பது அவர் கண்ட உண்மை. அன்று தையல்கடை பரிமளா மென்பொருள் கம்பெனிமேல் போட்ட வழக்கு. அவள் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்த வாரத்தில், அவளுடைய லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதில் நாலு மாத வருமானம் இணையக் கட்டணமாகப் போயிருந்தது. அந்த லேப்டாப்தான் மேஜைமேல் திறந்து கிடந்தது, ஓரத்தில் ‘சான்றுப்பொருள் ஏழு’ என்ற அட்டை தொங்க.

“நான் கேக்கவே இல்லைங்கய்யா” என்றாள் பரிமளா.

“எங்க கம்பெனியிலயும் யாரும் சொல்லலை. அது தானாவே செஞ்சுகிட்டது” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ யாருதான் பொறுப்பு? செஞ்சதையே கூப்பிடுங்க.”

யாரோ சிரித்தார்கள். மாசிலாமணி சிரிக்கவில்லை. உத்தரவு உத்தரவுதான். வராந்தாவுக்குப் போய், “சான்றுப்பொருள் ஏழூ...” என்று நீட்டி முழக்கினார். இரண்டாவது முறையும் கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது உள்ளே பேச்சு நின்றுபோனது.

திரும்பி வந்து பார்த்தார். யாரும் தொடாத திரையில் வெளிச்சம் வந்திருந்தது. வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. கீழே ஒரு வரி: ‘வேலை நடக்கிறது. அணைக்காதீர்கள்.’ ஒரு கையும் நீளவில்லை. பரிமளா எழுந்தாள், வக்கீல்கள் எழுந்தார்கள், கடைசியில் நீதிபதியே மெல்ல எழுந்து நின்றார்.

முப்பது வருடப் பழக்கத்தில் மாசிலாமணியின் கை சாட்சிக் கூண்டின் கதவைத் திறந்துவிட்டது.