ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம்

“பாத்தீங்களா, கெளம்பிட்டாங்க அம்மணி ஆஸ்பத்திரிக்கு! தலைவலியா, காய்ச்சலா? ஒரு மண்ணும் கிடையாது!”

காலை நீட்டி வாசலில் உட்கார்ந்திருந்த பஞ்சாலை உரக்கவே சொன்னாள். அவளுக்கு நிறைமாசம்.

அந்தோனியம்மாள் காதில் விழுந்திருக்கும். விழாத மாதிரி, கையில் கீரைக்கட்டோடு பால்மரக்காட்டுக்குள் நடந்தாள்.

மலாயாவில், பகாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. வருஷம் 1929. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கிறவள் அந்தோனியம்மாள். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர், இராஜமாணிக்கம். போன வருஷம் காய்ச்சல் மருந்து கொடுக்க அவர் லயத்துக்கு வந்தபோது, அவளாகவே போய்ப் பேசி அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு சரி. அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் கால்நடையாகவே ஆஸ்பத்திரிக்குப் போய், அவரைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவாள்.

“கூழைக் கும்பிடு போட்டு ஆஸ்பத்திரி ஆயா வேலையைப் பிடிக்கப் பாக்குது லா” என்றான் நல்லசாமி. பஞ்சாலையின் புருஷன், வேலையாட்களை மேற்பார்க்கும் தோட்டத்து மண்டோர். “ஆளைக் கண்டாலே எரிஞ்சு விழற மனுஷன் அந்த டிரஸ்ஸர். அவர்கிட்ட என்ன சிநேகிதம் வேண்டிக்கிடக்கு?”

புதன்கிழமை மத்தியானம் பஞ்சாலைக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீறிட்டு அழுதது.

ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை.

அவள் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடியே அந்தோனியம்மாள் கத்தினாள். “மண்டோரே, சைக்கிளை எடுங்க! டிரஸ்ஸர் ஐயாவைக் கையோட கூட்டியாங்க!”

“அவரு லயத்துக்கு வரமாட்டாரு அக்கா. அங்க தூக்கிட்டு வாம்பாரு...”

“தூக்கிட்டுப் போனா வழியிலயே உசுரு போயிரும். நான் வரச் சொன்னேன்னு மட்டும் சொல்லுங்க. போங்க!”

நல்லசாமி போய்ச் சேர்ந்தபோது டிரஸ்ஸர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரடா இது என்று நிமிர்ந்தார்.

“ஐயா... அந்தோனியம்மா உங்களை வரச் சொன்னாங்க...”

அவ்வளவுதான். பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். பையை எடுத்தார். நல்லசாமிக்கு முன்னால் அவர் சைக்கிள் பறந்தது.

ஊசி போட்டார். அவர் சொன்னதை எல்லாம் அந்தோனியம்மாள் செய்தாள். நல்லசாமி வாசலில் நின்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டான். ஒருவழியாக ரத்தம் நின்றது.

கண்ணைத் திறந்த பஞ்சாலை, அந்தோனியம்மாளின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “அக்கா...” கண்ணீர்தான் வந்தது.

“பேசாம படுடி. பிள்ளைக்குப் பாலைக் கொடு.”

வெளியே, நல்லசாமி டிரஸ்ஸர் காலில் விழுந்தான்.

“எந்திரிப்பா. என் கால்ல எதுக்கு விழற?”

“ஐயா, நீங்க எங்க குலதெய்வம். இன்னும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அந்தோனியம்மா கேட்ட ஆயா வேலையை எப்படியாவது அவங்களுக்கே கொடுத்துடுங்க ஐயா. நல்ல மனுஷி.”

டிரஸ்ஸர் சிரித்துவிட்டார்.

“அவங்க எங்கேப்பா கேட்டாங்க? நான்தான் வா வான்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கேன். ‘நான் வந்துட்டா லயத்துப் பொண்ணுங்களுக்கு யாரு இருக்கா?’ன்னு மாட்டேன்னுட்டாங்க.”

நல்லசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்ப எதுக்கய்யா வாராவாரம் உங்களைத் தேடி வர்றாங்க?”

டிரஸ்ஸர் சைக்கிளை நிமிர்த்தினார்.

“அவசரத்துல கூப்பிடறப்ப நான் வரணும் இல்ல, அதுக்குத்தான். இன்னிக்கு நான் தம்பின் டவுன்ல, என் அக்கா மக நிச்சயத்துல இருக்க வேண்டியவன். போன ஞாயித்துக்கிழமை வந்து ஒத்தைக் கால்ல நின்னாங்க, ‘இந்த வாரம் மட்டும் எங்கயும் போயிடாதீங்க ஐயா, எங்க பஞ்சாலைக்கு நேரம் நெருங்கிருச்சு’ன்னு!”